டீச்சரின் இடது கை

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தேழு. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதே தெருவின் கடைசியில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் பல வருடமாகப் பராமரிப்பாளராக வேலை செய்து வருகிறேன். அங்கே எல்லாரும் என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கூடப்பிறந்த தங்கை அங்கேயே சமையல் வேலை செய்கிறாள். அவளை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அங்கே நடந்த ஒரு சம்பவம் சம்பந்தமாகப் போன வாரம் இல்லத்துக்கு விசாரிக்க வந்த காவலரிடம் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், அங்கே தங்கியிருக்கும் டீச்சரின் கை சம்பந்தமாகச் சொன்னது பொய். அதை மாற்றிச் சொல்வதற்காக இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

மேற்படி இல்லம் பெரிய கட்டடம் அல்ல. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடுதான். நான்கு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தில் நீளமான சாப்பாட்டு மேஜை, பின்பக்கம் சமையலறை. தங்கியிருப்பவர்கள் ஏழு பேர். உரிமையாளர் முன்பு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். நாங்கள் மேடம் என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் இல்லத்தின் பெயர் கெடுவதென்றால் அவருக்குத் தூக்கம் போய்விடும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, சாப்பாடு ஊட்டுவது, பல்செட் கழுவுவது எல்லாம் என் பொறுப்பு.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் மேஜையில் உட்கார்ந்ததும் மேடம் தன் போனில் ஒரு போட்டோ எடுத்து, குடும்பத்தார்கள் இருக்கும் குரூப்பில் போடுவார். நான் சேர்ந்த நாள் முதல் இது ஒருநாள்கூடத் தவறியதில்லை. போட்டோவில் யாரும் பொக்கை வாயோடு இருக்கக் கூடாது, பெற்ற பிள்ளைகள் பார்த்தால் மனம் சங்கடப்படும் என்பது மேடத்தின் சட்டம். அதனால் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் எல்லாருடைய பல்செட்டையும் கழுவி மாட்டிவிடவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி டப்பா உண்டு, மூடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒன்றைத் திறந்து, கழுவி, உரியவருக்கு மாட்டிவிட்டு, அதன்பிறகுதான் அடுத்ததைத் திறக்கவேண்டும். முறை அதுதான்.

நான் அப்படிச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே பேசினில் கொட்டி, ஒரேயடியாகத் தேய்த்து அலசி, அதன்பிறகு பிரித்து மாட்டுவேன். என் தங்கை பலமுறை "அக்கா, மாறிடப்போவுது" என்று சொல்லியிருக்கிறாள். "பல்லைப் பாத்தே ஆளைச் சொல்லுவேன்டி, எனக்குப் போய் சொல்லிக் குடுக்கறியா" என்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதையே வித்தையாகக் காட்டியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்வேன், அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தத் தலைக்கனம் இப்போது என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இந்தச் சம்பவத்தில் இருவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஒருவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆனால் மூளை எங்களையெல்லாம்விடத் தெளிவு. பேச்சுக்குப் பதில் அவருக்கு இடது கைதான். ஒரு விரல் காட்டினால் தண்ணீர். உள்ளங்கையை விரித்தால் போதும். காதைத் தொட்டுவிட்டு எதிரே சுட்டினால், மாமாவை நிறுத்தச் சொல்கிறார் என்று அர்த்தம்.

மற்றவர் அந்த மாமா. வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். ஞாபகம் போய்விட்டது, பேச்சு மட்டும் போகவில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து பேசிக்கொண்டே இருப்பதால் ரேடியோ மாமா என்று பெயர். எதைக் கொடுத்தாலும் "இது என்னுது இல்லம்மா" என்பார். சட்டையைப் போட்டால் என் சட்டை இல்லை, கட்டிலில் படுக்கவைத்தால் என் கட்டில் இல்லை, சொந்த மகனே வந்து நின்றாலும் இவன் என் பையன் இல்லை. நாங்களும் "ஆமா மாமா, நாளைக்கு மாத்திடலாம்" என்று சொல்லிச் சமாளிப்போம். மேஜையில் டீச்சரும் அவரும் எதிரெதிர் உட்காருவார்கள்.

சம்பவம் தொடங்கிய தேதி எனக்குச் சரியாக நினைவில்லை. அன்று மின்சாரம் இல்லை, குளியலறையில் வெளிச்சம் போதவில்லை, மேடம் போட்டோவுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் பேசினில் கொட்டி அலசிக்கொண்டே, வாசலில் நின்ற தங்கையிடம் ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கையில் கிடைத்ததை எடுத்துப்போய் ஒவ்வொருவருக்கும் மாட்டினேன். டீச்சருடைய மேல்வரிசையை மாமாவுக்கும், மாமாவுடையதை டீச்சருக்கும் மாட்டிவிட்டேன். இது எனக்கு அன்று தெரியாது. மாட்டும்போது டீச்சருக்கு ஓங்கரிப்பு வந்தது. சரியாக உட்காரவில்லை என்று நினைத்துக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆச்சு டீச்சர், ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். சாயங்காலம் கழற்றியபோது யார் வாயிலிருந்து எடுத்ததோ அதை அவரவர் டப்பாவில் போட்டேன். அதன்பிறகு தினமும் எந்த மூடியோ அந்த ஆள் என்று அதையே மாட்டி வந்தேன்.

அன்றிலிருந்து டீச்சர் சாப்பிடவில்லை. வாயில் வைத்ததைத் துப்பினார். இடது கையால் பல்செட்டைப் பிடுங்கி மேஜையில் போட்டார். நான் கழுவி மாட்டினேன், மறுபடி பிடுங்கினார். மேடம் வந்து பார்த்துவிட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி அடம் வரும், விட்டுக்கொடுத்தால் உடம்பு போய்விடும், எப்படியாவது உள்ளே போகணும் என்றார். அந்த 'எப்படியாவது' என்ற சொல்லுக்குப் பின்னால் இப்போது நான் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை.

மாமாவுக்கும் மாற்றம் இருந்தது. செட் வாயில் நிற்காமல், நாக்கால் தாங்கிக்கொண்டு பேசியதால் சொல்லுக்குச் சொல் விசில் வந்தது. "ரேடியோல ஸ்டேஷன் சரியா பிடிக்கலை" என்று நான்தான் முதலில் சொன்னேன். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள், இவருக்குப் பல் இருந்தும் போச்சே என்று எல்லாரும் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். மெல்ல முடியவில்லை என்று தங்கை அவருக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்த நாட்களில் அவர் என்னிடம் பலமுறை "இது என் பல்லு இல்லம்மா" என்று சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் "ஆமா மாமா, நாளைக்கு மாத்திடலாம்" என்று பதில் சொன்னேன்.

டீச்சரும் சொன்னார். முதலில் தன் வாயைத் தொடுவார், அதன்பிறகு எதிரே மாமாவின் வாயைச் சுட்டுவார். மறுபடி தன் வாய், மறுபடி மாமா. மாமாவைப் பேச்சை நிறுத்தச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். காதைத் தொடாமல் வாயைத் தொடுகிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் மாமா பேசாமல் இருந்தபோதும் சுட்டினார். அப்போது நான் எல்லார் எதிரிலும் "டீச்சருக்கு மாமா மேல ஒரு கண்ணு, பாத்துக்கிட்டே இருக்காங்க பாருங்க" என்று சொன்னேன். மேஜையே சிரித்தது. டீச்சரின் முகம் சிவந்தது. வெட்கப்படுகிறார் என்று சொல்லி அதற்கும் சிரித்தோம். அதன்பிறகும் இரண்டு மூன்று நாள் அதே கேலி நடந்தது. கணக்கு டீச்சர், ஒரு வகுப்பு முழுவதையும் பார்வையாலேயே அடக்கியவர் என்று அவருடைய மகள் சொல்லியிருக்கிறார். அவரை அப்படிப் பேசினேன்.

அதன்பிறகுதான் கையைக் கட்டினேன். பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து நாடா மாதிரி செய்து, சாப்பாட்டு நேரத்தில் அவருடைய இடது மணிக்கட்டை நாற்காலியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். கட்டியது நான் மட்டும்தான். வேறு யாரும் கட்டவில்லை, யாரும் கட்டச் சொல்லவும் இல்லை. கட்டிய பின் வாயில் ஊட்டி, விழுங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டேன். தங்கை சமையலறை வாசலிலிருந்து பார்த்துவிட்டு "எதுக்குக்கா கட்டுற, பாவம்" என்றாள். "பட்டினி கிடந்து செத்தா மட்டும் பாவம் இல்லையா" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். மேடம் போட்டோ எடுக்க வந்தபோது கட்டைப் பார்த்தார். "போட்டோவுல தெரியாம பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். நான் ஒரு பூத்துண்டை எடுத்து டீச்சரின் கைமேல் போட்டேன். அதன்பிறகு தினமும் அப்படியே நடந்தது. கட்டு, துண்டு, போட்டோ. டீச்சர் இழுக்க இழுக்க நாடா இறுகும். சாப்பாடு முடிந்து அவிழ்க்கும்போது மணிக்கட்டில் தடம் இருக்கும். தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சரின் மகள் வந்தார். அவர் வெளியூரில் தையற்கடை வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறைதான் வரமுடியும். அன்று சொல்லாமல் வந்திருந்தார். டீச்சருக்கு இன்னும் சாப்பாடு வைக்காததால் கையையும் கட்டியிருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை, எப்போதும்போல மாமாதான் முதலில் வரவேற்றார். "வாம்மா, வா" என்று விசிலடித்துக்கொண்டே முகம் நிறையச் சிரித்தார். மகள் நடந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த பழப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு என்னைப் பார்த்து மெதுவாக "அக்கா, அது எங்கம்மா சிரிப்பு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அதன்பிறகு அவர் சொன்னதாவது: டீச்சருக்குச் சொந்தப் பற்கள் இருந்த காலத்தில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். பல்செட் செய்தபோது பல் டாக்டர் வரிசையாக அழகாக வைத்துத் தருகிறேன் என்றதற்கு டீச்சர் சம்மதிக்கவில்லையாம். கண்ணாடியில யாரோ மாதிரி இருக்கும், என் பல்லு எப்படி இருந்துச்சோ அப்படியே வைங்க என்று சொல்லி, ஏறிய பல்லோடு செய்துகொண்டாராம். போட்டோவில் தினமும் மாமாவின் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ மனதைப் பிசைந்தது, ஏனென்று தெரியவில்லை, அம்மா ஏன் வாயை மூடிக்கொண்டே இருக்கிறார் என்று மட்டும் கவலைப்பட்டேன் என்று மகள் சொன்னார். பல்லைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள் என்று பீற்றிக்கொண்ட நான், மாமாவின் எதிரே தினமும் நின்றும் அந்த ஏறிய பல்லைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு மகள் தன் அம்மாவின் வாயைத் திறந்து செட்டைக் கழற்றினார். ஈறெல்லாம் புண். மேலண்ணத்தில் ஓரிடம் வெள்ளையாகப் பழுத்திருந்தது. டீச்சர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இடது கையால் முதலில் தன் வாயைத் தொட்டார், பிறகு மாமாவைச் சுட்டினார். மகளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. "தெரியுதும்மா, பாத்துட்டேன்மா" என்றார். டீச்சர் அழவில்லை. தலையை நாற்காலியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது மகள் அந்தக் கையின் மணிக்கட்டைப் பார்த்தார். இது என்ன தடம் என்று கேட்டார். மேடம் உடனே, பெயர் எழுதிய பட்டை ஒன்று கட்டியிருந்தோம், அது இறுகிவிட்டது, நேற்றுதான் கழற்றினோம் என்றார். அப்படி ஒரு பட்டை எங்கள் இல்லத்தில் யாருக்கும் கிடையாது. மகள் மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அக்கா, நீங்கதான் கூடவே இருக்கீங்க. நீங்க சொன்னா நம்பறேன். பட்டைதானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பேசினைக் கழுவும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது, அந்தப் பூசணிக்காய் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

மகள் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பல்செட் மாறியதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. கையில் இருந்த தடத்துக்கு மட்டும் காவலரிடம் எல்லாரும் பட்டை என்றே சொன்னோம். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது தங்கை என்னிடம் "அக்கா, வாயை மூடிக்கிட்டு இரு. ரெண்டு பேரு பொழப்பும் ஒண்ணாப் போயிடும்" என்றாள். அவளுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மகள் வேறு இடம் கிடைக்கும்வரை டீச்சரை எங்களிடமே விட்டிருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "பல்லு மாறினது தெரியாம நடந்தது, எனக்குக் கோபம் இருக்கு, ஆனா நீங்க அம்மாகிட்ட பிரியமா இருக்கீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

பல் டாக்டர் புண் ஆறும்வரை செட் மாட்டக் கூடாது என்று மருந்து கொடுத்தார். அதுவரை டீச்சருக்கு நீராகாரம்தான். நான் ஊட்டவில்லை, தங்கையை ஊட்டச் சொன்னேன். எனக்கு அவர் எதிரே போய் உட்காரத் தைரியம் இல்லை.

நேற்று டாக்டர் பார்த்துவிட்டு இனி மாட்டலாம் என்றார். மதியம் தங்கைக்கு அடுப்பில் வேலை இருந்ததால் நானே டீச்சரின் செட்டைத் தனியாகக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்து காட்டினார். மாட்டினேன், சட்டென்று உட்கார்ந்துகொண்டது. நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்தார். ஏறிய பல் இருக்கிறதா என்று பார்த்தார்போலும். முகம் பழைய முகமாகிவிட்டது. எனக்கு மனம் லேசானது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். அதன்பிறகு தட்டை எடுத்து வந்து அவர் எதிரே வைத்தேன்.

தட்டைப் பார்த்ததும் டீச்சர் மடியிலிருந்த இடது கையை எடுத்து, நாற்காலிக் கைப்பிடியின் மேல் வைத்து, கட்டுவதற்கு வாகாக மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. சாப்பிடுவதற்கு முன் இதுதான் முறை என்பதுபோல இருந்தார். நான் "வேண்டாம் டீச்சர்" என்று சொல்லி அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி எடுத்துக் கைப்பிடியில் வைத்தார். அதன்பிறகு நான் ஊட்டினேன். மென்று விழுங்கினார், ஒரு வாய்கூடத் துப்பவில்லை. முழுத் தட்டும் முடியும்வரை அந்தக் கை கைப்பிடியை விட்டு அசையவில்லை. தண்ணீருக்கு ஒரு விரல் காட்டவில்லை. போதும் என்று உள்ளங்கையை விரிக்கவில்லை. மேடம் வந்து போட்டோ எடுத்தார். இந்த முறை துண்டு இல்லை.

இன்று காலை தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்கினாள். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. டீச்சரின் மகளிடம் என்னால் நேரில் சொல்லமுடியாது, அதனால் இந்த வாக்குமூலத்தை அவருக்குக் காட்டவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொன்னால் என்மேல் வழக்கு வரலாம் என்று விசாரணை அதிகாரி முதலிலேயே எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

எழுதியதை அதிகாரி முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. நேற்று டீச்சர் கையை எடுத்து வைத்த விஷயம் வழக்குக்கு அவசியமில்லை, அதை அடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், இத்தனை நாளில் டீச்சர் சொன்னதில் எனக்கு உடனே புரிந்தது அது ஒன்றுதான், அதுவாவது இருக்கட்டும் என்று சொன்னேன். யாருடைய பேச்சுக்கும் பயத்துக்கும் கட்டுப்படாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி இதில் என் கையெழுத்தைப் போடுகிறேன்.

(கையொப்பம்)